மேல் வரிசைப் படம்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதை எங்கேயும் மறைத்ததில்லை. தல்லாகுளத்தில் என் மோட்டார் கடையில் உட்கார்ந்துகொண்டு, எஞ்சினியரிங் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு எந்த போர்வெல்லுக்கு எந்த மோட்டார் என்று இன்றைக்கும் நான்தான் சொல்கிறேன். எத்தனை அடி ஆழம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, இந்த இரண்டைச் சொன்னால் போதும். பேனாவைத் தொட மாட்டேன். கடை என்னுடையது, கட்டிடம் என்னுடையது, மாடியில் குடியிருப்பதும் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிடவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு சோம்பேறியைப் பார்த்து ஐம்பது வருடமாக வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பத்தான் வேண்டும். இந்த வருடம் என் பேரனுக்குக் காது குத்திய அன்று நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

நாங்கள் மூன்று பேர். மூவரும் விளாங்குடி. ஒருவன் வாத்தியார் மகன். அவன் அப்பா டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போகிற குடும்பம். இன்னொருவன் பம்புசெட்டுக்காரன். ஊருக்கு மேற்கே அவர்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு கிணறும் ஒரு பம்புசெட் அறையும் இருந்தன. அந்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டில். அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மூன்றாவது ஆள் நான். பதினாலு வயதில் டவுனில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

வாத்தியார் மகனைத் தினமும் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போவேன். எனக்கு அது சுற்று வழி. போகிற வழியெல்லாம் முதல் நாள் வகுப்பில் நடந்த பாடத்தை அவன் சொல்லிக்கொண்டே வருவான், நான் மிதித்துக்கொண்டே கேட்பேன். நான் எட்டாவதுக்கு மேல் படித்தது எல்லாம் அந்த சைக்கிளில்தான். எனக்கு அவன்தான் எல்லாம். எனக்கு அவன் எப்படியோ அவனுக்கு நான் அப்படி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பம்புசெட்டுக்காரன் அப்போது என்ன செய்தான் என்றால், ஒன்றும் செய்யவில்லை. பத்தாவது வரைக்கும் போனான், பாஸா பெயிலா என்று போய்ப் பார்க்கக்கூட இல்லை. நானும் வாத்தியார் மகனும் சாயங்காலம் போனால் கட்டிலில் நகர்ந்து இடம் கொடுப்பான். கடலையோ கிழங்கோ சுட்டு வைத்திருப்பான். நான் பட்டறையில் அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்வேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பிடியா மாப்ள" என்பான். அவ்வளவுதான். ஆனால் அவன் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் வாத்தியார் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். நான் சொல்லும் எதற்கும் அப்படிச் சிரித்ததில்லை.

இரண்டு வருடம் சும்மா வேலை பழகிவிட்டு வாங்கிய முதல் சம்பளத்தில் ஒரு சட்டை எடுத்தேன். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. மூன்று பேரும் டவுனில் ஸ்டூடியோவுக்குப் போய் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்வது என்று முடிவு. பம்புசெட்டுக்காரன் வயலில் நின்ற கோலத்திலேயே பனியனோடு வந்துவிட்டான். என் படம் எடுத்து முடிந்ததும் என் சட்டையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, பொத்தானைக்கூட மேல்வரை மாட்டாமல், சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். படம் வந்தபோது பார்த்தால் அந்தச் சட்டை அவனுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. என் படத்தில் நான் விறைப்பாக இருந்தேன். அவன் தன் படத்தை வாங்க ஸ்டூடியோவுக்குப் போகவே இல்லை. நான்தான் வாங்கி வந்தேன். கொடுக்க வேண்டும் என்று நினைத்து, கொடுக்காமல் என்னிடமே தங்கிவிட்டது.

அதே வருடம் வாத்தியார் மகன் பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டான். கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை கணக்கில் போனது அந்தத் தெருவுக்கே செய்தி. சாயங்காலப் பேப்பரில் நம்பர் இல்லை என்று பார்த்தவன் வீட்டுக்குப் போகவில்லை. அன்றிரவும் வரவில்லை.

நான் பட்டறைக்கு லீவு சொல்லாமலே தேடினேன். பஸ் ஸ்டாண்டு, ரயில் ஜங்ஷன், ஆற்றுக்குள், அழகர்கோவில் மலைப் பாதையில் பாதி தூரம், எல்லா இடத்திலும். முதல் நாளே வழியில் பம்புசெட்டுக்காரனைப் பார்த்துக் கேட்டேன். "வந்துருவான் மாப்ள, எங்க போயிறப் போறான்" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டோடு போனான். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூட்டாளி காணாமல் போயிருக்கிறான், இவன் புல் அறுக்கிறானா, இழுத்துக்கொண்டு போய்த் தேட வைக்கிறேன் என்று பம்புசெட்டுக்குப் போனேன். போனால், தொட்டித் தண்ணீரில் கழுத்தளவு முங்கி உட்கார்ந்திருக்கிறான் வாத்தியார் மகன். மூன்று நாளும் அங்கேதான்.

பம்புசெட்டுக்காரன் அடுப்பில் சட்டியைக் கிண்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"வா மாப்ள. கிழங்கு வேகுது, உக்காரு."

நான் உட்காரவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். வாத்தியார் பிரம்போடு வந்தார். பம்புசெட்டுக்காரன் அவரையும் பார்த்து உட்காரச் சொன்னான். ஒரு வாழையிலையில் கிழங்கை எடுத்து வைத்து, சூடா இருக்கு சார், ஊதித் தின்னுங்க என்றான். அந்த மனுஷன் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, கிழங்கை ஊதி ஊதித் தின்றார். தின்றுகொண்டே அழுதார். மகனை ஒரு அடி அடிக்கவில்லை. அப்பனும் மகனும் சேர்ந்து வீட்டுக்கு நடந்து போனார்கள்.

பத்து நாள் வாத்தியார் மகன் என் சைக்கிளில் ஏறவில்லை.

பிறகு ஏறினான். மறுபடி எழுதிப் பாஸானான், மேலே படித்தான், அப்பாவைப் போலவே வாத்தியாரானான், தலைமையாசிரியராக ரிட்டையர் ஆனான். இப்போது தல்லாகுளத்தில் என் கடைக்கு நாலு தெரு தள்ளி வீடு. அவன் கல்யாணத்துக்கு வண்டி பிடித்தது நான். அவன் வீட்டம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் வராந்தாவில் படுத்தது நான். பம்புசெட்டுக்காரன் ஒரே ஒரு நாள் வந்தான், அதுவும் கை வீசிக்கொண்டு. அந்த அம்மா கண் திறந்து முதலில் கேட்டது, "அந்தண்ணே வந்தாகளா" என்று. எந்த அண்ணன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டிலும் அதே கதைதான். அவன் படியேறினால் என் வீட்டுக்காரிக்கு முகம் மலர்ந்துவிடும். எனக்கு எவர்சில்வர் டம்ளர், அவனுக்கு வெள்ளி டம்ளர். என் பேரன் என்னைக் கண்டால் விளையாட்டுச் சாமானைத் தேடுவான். அவனைக் கண்டால் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வான். அப்படி என்னதான் இருக்கிறது அந்த மடியில் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் பிளக்ஸ் பேனர் இல்லாமல் கிடையாது. மேலே சாமி படங்கள். அதற்குக் கீழே குடும்பத்தில் இறந்துபோன பெரியவர்கள், தாமரைப்பூவும் விளக்கும் போட்டு, பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று சேர்த்து. நடுவில் பிள்ளை. பக்கத்தில் தாத்தா, அப்பா, மாமன்மார். அடியில் கூட்டாளிகள் வரிசை. நான் இரண்டு பேனர் சொன்னேன். ஒன்று விளாங்குடியில் மண்டப வாசலுக்கு, ஒன்று தல்லாகுளத்தில் கடை வாசலுக்கு. என் படம் ஆள் உயரத்துக்கு வர வேண்டும் என்றேன். எனக்குப் பக்கத்தில் வாத்தியார் மகன், கோட்டு போட்ட படம். பம்புசெட்டுக்காரனை நான் சேர்க்கவில்லை. வீட்டுக்காரி கேட்டாள், "அந்த அண்ணன் படம் எங்க? அது இல்லாம பேனரா?" என்று.

சரி என்று சேர்த்தேன். ஆனால் இப்போதைய படத்தைக் கொடுக்க மனசில்லை. நரைத்த தலையோடும் அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும். பழைய ஸ்டூடியோ படத்தைத் தேடி எடுத்தேன். கருப்பு வெள்ளை, ஓரம் பழுத்தது. பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு பொடியனாக, அடி வரிசையில் எங்கேயாவது கிடக்கட்டும் என்று பின்னால் பெயர் எழுதி, என் அப்பா அம்மா படம் வைத்திருந்த அதே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பேனர் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பினார். என் படம் எவ்வளவு பெரிசு என்று மட்டும் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. ஓகே சொல்லிவிட்டேன்.

விசேஷத்தன்று விடியும்போது கீழே இறங்கி, கடை வாசலில் கட்டியிருந்த பேனரை நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளையார், மீனாட்சி, கள்ளழகர். சாமிகளுக்கு அடுத்த வரிசையில் என் அப்பா, என் அம்மா, மூன்றாவதாக அவன். சுற்றிலும் தாமரை. பக்கத்தில் விளக்கு எரிகிறது. பெயருக்கு முன்னால் தெய்வத்திரு. என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் தலைக்கு மேலே உட்கார்ந்து சிரிக்கிறான்.

பேனர் கடைக்காரருக்குப் போன் போட்டு வைது தீர்த்தேன். உயிரோடு இருக்கிறவனை மேலே ஏற்றிவிட்டாயே, நேற்றுச் சாயங்காலம்கூட என்னோடு பேசினான் என்றேன். அவர் என்ன செய்வார்? கருப்பு வெள்ளைப் படம் மூன்றும் ஒரே கவரில் வந்தால் அவர் அப்படித்தானே நினைப்பார். சின்ன வயதிலேயே போன பிள்ளை என்று பாவப்பட்டு ஒரு தாமரை கூடுதலாகப் போட்டாராம். ஆள் அனுப்பி இறக்குகிறேன் என்றார்.

மாடிக்கு வந்து உட்காரவில்லை, படியில் செருப்புச் சத்தம். வாத்தியார் மகன். காலையில் நடக்கப் போகிறவன் அந்த வழியாக வந்து பேனரைப் பார்த்துவிட்டான். கண் சிவந்து, கைத்தடி ஒரு பக்கம் விழ, என் தோளைப் பிடித்துக்கொண்டான். அறுபது தாண்டிய மனுஷன், எத்தனையோ பிள்ளைகளை அதட்டி வளர்த்தவன், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எப்ப மாப்ள? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

சொல்லியிருக்கலாம். அட போடா, பேனர் கடைக்காரர் செய்த கூத்து என்று ஒரு வரி. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவன் என் தோளில் கிடந்தான். அந்தப் பெயிலான நாளில் என் தோளுக்கு வராதவன் வந்திருக்கிறான். நான் சொல்லவில்லை. அவன் முதுகைத் தடவினேன்.

"அந்த மூணு நாளும் ஏன்டா ஓடியாந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல மாப்ள அவன்" என்றான். "கிழங்கு அவிச்சுக் குடுத்தான், படுக்க எடம் குடுத்தான். வேற ஒண்ணும் கேக்கல."

நானாக இருந்தால் கேட்டிருப்பேன். கேட்டு, புத்தி சொல்லி, அன்றைக்கே வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பேன். நான் செய்திருக்கக்கூடியது நல்ல காரியம்தான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அவன் ஏன் என்னிடம் வரவில்லை என்று ஐம்பது வருடமாகத் தேடிய பதில் அதற்குள் இருந்தது.

"இனி எனக்கு நீ ஒருத்தன்தான் மாப்ள" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கடை திறந்த அன்று எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. மகன் பிறந்த அன்றுகூட இருந்ததா என்று யோசிக்க வேண்டும். வீட்டுக்காரி அடுப்படியில் காபி ஆற்றும் நேரம், அவ்வளவுதான். அந்த நேரம் முழுக்க நான் அவனுக்கு ஒருத்தனாக இருந்தேன். உயிரோடு இருக்கிற ஒருவனைச் சாகவிட்டுத்தான் அதை வாங்கினேன்.

அவள் காபியோடு வரும்போது மேஜையில் என் போன் அடித்தது. பம்புசெட்டுக்காரன் பெயர். வாத்தியார் மகன் அதைப் பார்த்துவிட்டு, "அவன் மகனாத்தான் இருக்கும், எடு" என்றான். எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது.

"மாப்ள, நான் செத்துட்டேன்னு பேனர் வச்சிருக்கியாம்ல. வீட்டுல மாலையோட ஆளு வந்து நிக்கிது. நான் காதுகுத்துக்கு வாரதா, இல்ல இங்கயே கெடக்கிறதா?"

வாத்தியார் மகன் போனைப் பிடுங்கிக்கொண்டான். வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்தது. வைதான், சிரித்தான், மறுபடி அழுதான். என் வீட்டுக்காரி ஒன்றும் புரியாமல் காபியோடு நின்றாள். என் தோள் ஈரமாக இருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் போனால் பேனரை அங்கே இன்னும் இறக்கவில்லை. பம்புசெட்டுக்காரன் இறக்க விடவில்லையாம். மாலையோடு வீட்டுக்கு வந்த சனத்தை எல்லாம் அப்படியே விசேஷத்துக்குக் கூட்டிவந்துவிட்டான். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மாட்டு வைத்தியர் வந்திருந்தார், பஸ் கண்டக்டர் ஒருவர் யூனிபாரத்தோடு வந்திருந்தார். ஒரு பாட்டி அவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கொண்டுவந்த மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்கள். அவன் ஒன்றை வாங்கி என் கழுத்தில் போட்டான். மற்றதைப் பேரனுக்குப் போடச் சொன்னான். சாவுக்கு வாங்கிய மாலை ஆகாது என்று யாரோ தடுக்க, "யாரு செத்தா?" என்று கேட்டான். அதற்கும் மண்டபமே சிரித்தது.

நான் செத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்கு ஓடியது. வருவார்கள். கடைக்காரர்கள் வருவார்கள், கம்பெனி ஆட்கள் வருவார்கள். விடிந்தும் விடியாமல் முகம் கழுவாமல் ஓடிவருவார்களா என்பது வேறு.

பந்தியில் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் ஒரு ஓரம், பம்புசெட்டுக்காரன் நடுவில், வாத்தியார் மகன் அந்த ஓரம். இலையில் கறிச்சோறு விழுந்தது. வீட்டுக்காரி குழம்பு விசாரிக்க வந்தவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "விடியுறப்பவே எந்திரிச்சு அந்த பேனர் கடைக்காரர இவரு வஞ்ச வசவுல நான் முழிச்சுக்கிட்டேன். உசுரோட இருக்கவன மேல ஏத்திட்டியேய்யான்னு."

வாத்தியார் மகன் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அப்ப நான் வந்தப்ப உனக்குத் தெரியும்."

 குழம்பு வாளிக்காரர் எங்களைத் தாண்டிப் போனார். எத்தனையோ கம்பெனிக்காரனிடம் பேசி ஜெயித்தவன், அன்றைக்கு இலையில் கிடந்த எலும்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் சைக்கிளில் ஏறாத அந்தப் பத்து நாள் போல இனி இருக்கிற காலமெல்லாம் போய்விடும் என்று தெரிந்தது.

நடுவில் இருந்தவன் எலும்பைக் கடித்துக்கொண்டே பேசினான்.

"நான்தான் மாப்ள சொல்ல வேணாம்னேன். காலையிலயே எனக்குப் போன் போட்டுட்டான். எம்புட்டுப் பேரு அழுகுறாகன்னு பாப்போம், நீ கம்முனு இருன்னேன். பெறகு நான் போட்ட போனு சும்மா நடிப்பு. நல்லா நடிச்சேன்ல?"

வாத்தியார் மகன் அவனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாத்தியார்கள் பொய்யை மோந்தே கண்டுபிடிப்பார்கள். ஆனால் மறு நிமிடம் பம்புசெட்டுக்காரன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "உன்னையெல்லாம் நெசமாவே சாக விட்டிருக்கணும்டா" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.

ஊர் பூராவையும் அழவைத்த பழியை அவன் தலையில் போட்டுக்கொண்டான். ஒரு வசவு விழவில்லை, ஒருவர் முகம் சுளிக்கவில்லை. அதே பழி என் மேல் விழுந்திருந்தால் நான் தொலைந்திருப்பேன். காப்பாற்றிவிட்டானே என்று நிம்மதி வந்ததா என்றால், வந்தது. அதோடு சேர்ந்து எரிச்சலும் வந்தது. எனக்கு ஐம்பது வருடமாகக் கிடைக்காத ஒன்றை அவன் கறிச்சோறு தின்றுகொண்டே பெற்றுக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் கிள்ளிப் போட்டுவிட்டான்.

பேனரை அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மழைக்கு மாட்டுக்கொட்டகையில் மேலே கட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாத்தியார் மகன் கோயில் முடிந்து அங்கே போய்விடுவான். நானும் காரை எடுத்துக்கொண்டு போவேன். படம் உள்பக்கம் பார்த்தபடி கட்டியிருக்கிறான். மாடுகளுக்கு மேலே ஆள் உயரத்துக்கு நான் தொங்குகிறேன். எனக்கும் மேலே, நீலச்சட்டையில் அவன். கருப்பு வெள்ளையில் அது நீலம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் வாத்தியார் மகன் வருவதற்கு முன்னால் போய்விட்டேன். கேட்டுவிடுவது என்று போனேன்.

"அன்னைக்கு ஏன்டா பொய் சொன்ன? நான் ஏன் சொல்லாம இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான்.

"அவன் கைய எடுத்துட்டான்ல மாப்ள. எலையில சோறு அப்பிடியே இருந்துச்சு. ஆறிப்போகும்ல."

அதற்கு மேல் அவன் சொல்லவும் இல்லை, என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன்.